கால் வலிக்கு மின்தூண்டல்: எவருக்குப் பயன், எவருக்குத் தீங்கு?

"கொஞ்ச தூரம் நடந்தால் ஆடுசதை இறுகிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, மறுபடி நடந்தால் மறுபடியும் பிடிக்கிறது" என்று கூறும் நோயாளிகள் எங்கள் புறநோயாளர் பிரிவுக்குத் தொடர்ந்து வருகின்றனர். உப்பளத்தில் உழைத்தவர்கள், கரிமூட்டம் போட்டவர்கள், பனையேறியவர்கள், கடலுக்குச் சென்றவர்கள் எனக் கடலாடி வட்டாரத்தின் எல்லாத் தொழிலினரும் அவர்களுள் உள்ளனர். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது ஒரு கேள்வியைக் கேட்கின்றனர்: "காலுக்கு லேசாகக் கரண்ட் கொடுத்து இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் இயந்திரம் விற்கிறார்களே, அதை வாங்கலாமா?"

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. தசையை மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சை மருத்துவத்தில் உண்மையாகவே உண்டு. சிலருக்கு அது துணைபுரியும். சிலருக்குப் பயன் தராது. வேறு சிலருக்கோ, கருவியை நம்பிக் கழிக்கும் சில வாரங்களே காலை இழக்கக் காரணமாகிவிடக் கூடும். தாம் எந்தப் பிரிவில் உள்ளோம் என்பதை நோயாளி அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது?

இதயத்திலிருந்து தூய இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களைத் தமனிகள் என்கிறோம். அவற்றின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகும்போது, காலுக்குச் செல்லும் இரத்தத்தின் அளவு குறைகிறது. அமர்ந்திருக்கும்போது தசைக்குத் தேவையான உயிர்வளி சிறிதளவே; ஆகையால் வலி தோன்றுவதில்லை. நடக்கும்போது அத்தேவை பல மடங்காகிறது. குறுகிய குழாயால் அதனை ஈடுசெய்ய முடிவதில்லை. தசை உயிர்வளியின்றித் தவிப்பதையே நாம் வலியாக உணர்கிறோம். நின்றதும் தேவை குறைகிறது. சில நிமிடங்களில் வலியும் மறைகிறது.

வண்டி இழுக்கும் குதிரை சிறிது தூரம் ஓடியபின் நொண்டுவதையும், ஓய்வுக்குப் பின் மீண்டும் இயல்பாக ஓடுவதையும் பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் பூலே 1831ஆம் ஆண்டில் விவரித்தார். மனிதரிடமும் இதே நிலை உண்டு என்பதை அந்நாட்டு நரம்பியல் மருத்துவர் ஷார்கோ 1858ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். நடந்தால் வலி, நின்றால் நிம்மதி என்ற இந்த ஒழுங்கே இன்றளவும் இந்நோயின் முதன்மை அடையாளம் ஆகும்.

சென்னையில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பரிசோதிக்கப்பட்டவர்களுள் 3.2 விழுக்காட்டினருக்குக் கால் தமனி நோய் இருப்பதைக் கண்டறிந்தது. நீரிழிவு உள்ளவர்களிடம் அது 6.3 விழுக்காடு, நீரிழிவு இல்லாதவர்களிடம் 2.7 விழுக்காடு. அதாவது, சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இந்நோய் இரு மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், மிகைக் கொழுப்பு, முதுமை ஆகியவை ஏனைய காரணங்கள்.

40 வயதுக்குள்ளேயே தொடங்கும் வேறொரு வகையும் உண்டு. 1908ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் லியோ பெர்கர் விரிவாக எழுதியதால் அது பெர்கர் நோய் எனப்படுகிறது. இந்தியாவில் பீடி புகைக்கும் ஆண்களிடம் அது பெரிதும் காணப்படுகிறது. கால்விரல்களிலும் கைவிரல்களிலும் உள்ள சிறு குழாய்களை அது தாக்கும்.

எல்லாக் கால் வலியும் இரத்த ஓட்டக் குறைவன்று

கால் வலி என்றவுடனேயே இரத்த ஓட்டத்தைக் காரணமாகக் கொள்வது பிழை. மூன்று நோய்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, மேலே கூறிய தமனி நோய். நடந்தால் வலிக்கும், வெறுமனே நின்றாலே போதும், வலி தணியும். பாதம் குளிர்ந்திருக்கும். கால் முடி உதிர்ந்து, தோல் மெலிந்து பளபளக்கும்.

இரண்டாவது, சிரை நோய். அழுக்கு இரத்தத்தை மேலே கொண்டு செல்லும் குழாய்களின் அடைப்பிதழ்கள் பழுதடைவதால் வருவது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நம்மூரில் கூறுவது இதனையே. நெடுநேரம் நின்றால் கால் கனக்கும், வீங்கும். காலை உயர்த்தி வைத்தால் சுகமாக இருக்கும்.

மூன்றாவது, முதுகுத் தண்டில் நரம்பு நெருக்கப்படுவதால் வருவது. நடந்தால் வலிக்கும் என்பதில் இது முதலாவதை ஒத்திருக்கும். ஆயினும் நின்றால் மட்டும் தணியாது. உட்கார வேண்டும், அல்லது முன்னோக்கிக் குனிய வேண்டும்.

இவற்றைப் பிரித்தறியும் முதற்கட்டச் சோதனை எளியது, வலியற்றது. பாதத்திலும் கணுக்காலிலும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்கிறோம். பின்னர் டாப்ளர் கருவியின் உதவியால் கணுக்காலின் இரத்த அழுத்தத்தை அளந்து, அதனைக் கையின் அழுத்தத்தால் வகுக்கிறோம். விகிதம் 1.0 முதல் 1.4 வரை இருப்பது இயல்பு. 0.9 அல்லது அதற்குக் குறைந்தால் தமனி நோய் உண்டு எனக் கொள்கிறோம். 0.4க்குக் கீழே இறங்கினால் கால் ஆபத்தில் உள்ளது என்று பொருள். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகுவதால், இவ்விகிதம் 1.4க்கு மேல் ஏறிப் பொய்யான நம்பிக்கையைத் தரக்கூடும். அவர்களுக்குக் கால்விரலின் அழுத்தத்தை அளக்க வேண்டியிருக்கும். இச்சோதனையைச் செய்யாமல் எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

மின்தூண்டல் கருவி என்ன செய்கிறது?

மின்சாரத்தைக் கால் வலிக்குப் பயன்படுத்தும் எண்ணம் பழமையானது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கீல்வாத நோயாளியைக் கடற்கரையின் ஈர மணலில் உயிருள்ள மின்திருக்கையின் மீது நிற்கச் சொன்னார். முழங்கால் வரை மரத்துப்போகும் வரை நிற்க வேண்டும் என்றார். அவர் வலியை மரக்கச் செய்தார். நோயை அது மாற்றவில்லை. இந்த வேறுபாடு இன்றைய கருவிகளுக்கும் பொருந்தும்.

இன்று விற்கப்படும் கருவிகள் இரு வகையின. டென்ஸ் எனப்படும் வகை, உணர்வு நரம்புகளைத் தூண்டி வலி உணர்வை மட்டும் மட்டுப்படுத்துகிறது. தசை மின்தூண்டல் வகையோ, இயக்க நரம்புகளைத் தூண்டித் தசையைச் சுருங்கி விரியச் செய்கிறது. ஆடுசதை மீது ஒட்டும் பட்டைகளாகவோ, இரு பாதங்களையும் வைக்கும் தட்டாகவோ அது அமைந்திருக்கும். வீட்டு மின்சாரம் நேரடியாக உடலுள் பாய்வதில்லை. நொடியின் மிகச் சிறு பகுதியே நீடிக்கும் வலுக்குறைந்த துடிப்புகளையே கருவி அனுப்புகிறது. முதலில் ஊர்வது போன்ற உணர்வும், அளவைக் கூட்டினால் தசை துடிப்பதும் தெரியும்.

அவ்வாறு தசை சுருங்கும்போது இரண்டு நிகழ்கின்றன. ஆடுசதை ஒரு பம்பு போல அழுந்திச் சிரைகளிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளுகிறது. மேலும், உழைக்கும் தசையிலிருந்து வெளிப்படும் பொருள்கள் அருகிலுள்ள நுண்குழாய்களை விரியச் செய்வதால், தசைக்குச் செல்லும் இரத்தம் தற்காலிகமாகக் கூடுகிறது. பல வாரங்கள் தொடர்ந்து தூண்டினால், கிடைக்கும் உயிர்வளியைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தசை பழகிக்கொள்ளக் கூடும் என்றும் கருதப்படுகிறது.

ஆனால் ஒன்றை ஐயமின்றிக் கூற வேண்டும். தமனியில் படிந்த அடைப்பை எந்த மின்தூண்டல் கருவியும் கரைப்பதில்லை. வாய்க்காலில் மண் மேடிட்டிருக்க, வயலில் நின்று மடையைக் கொத்திவிடுவது போன்றது அது. வரும் நீர் சற்று நன்றாகப் பரவும், வாய்க்கால் திறக்காது.

ஆய்வுகள் கூறுவது

இங்கிலாந்தில் நெசிக் என்ற பெயரில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. நடந்தால் கால் வலிக்கும் தமனி நோயாளிகள் 200 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். மறு பிரிவினர் அதனுடன் பாதத்தட்டு வடிவ மின்தூண்டல் கருவியையும் வீட்டில் பயன்படுத்தினர். 3 மாதங்களுக்குப் பின் கருவியைச் சேர்த்தவர்களின் நடைத்தூரம் ஓரளவு கூடியிருந்தது. எனினும், அது தற்செயலாக நேர்ந்ததன்று என உறுதியாகக் கூறும் அளவுக்கு வேறுபாடு இல்லை. நோய் லேசாக இருந்தவர்களிடம் மட்டும் பயன் தென்பட்டது. கருவியால் கடுமையான தீங்கு எதுவும் பதிவாகவில்லை.

அதே ஆய்வில் மற்றொன்றும் தெரியவந்தது. மேற்பார்வையுடன் நடைப்பயிற்சி பெற்றவர்கள், மருந்தும் அறிவுரையும் மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினர். மின்தூண்டல் குறித்த ஆய்வு, நடையின் வலிமையையே மீண்டும் உறுதிசெய்தது எனலாம்.

சிரைகளைப் பொறுத்தவரை நிலை சற்று வேறு. படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிகளின் காலில் இரத்தம் உறையாமல் தடுக்க வேறு முறைகளைக் கையாள முடியாதபோது, முழங்காலருகே நரம்பைத் தூண்டும் ஒரு சிறு கருவியைப் பயன்படுத்தலாம் என இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2014ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அது மருத்துவர் கண்காணிப்பில் செய்யப்படும் தடுப்பு முறையாகும். அதனைத் தமனி அடைப்புக்கான சிகிச்சையாகக் கொள்ளலாகாது.

ஆகவே, மூட்டுத் தேய்வு, பக்கவாதம், மூச்சிரைப்பு போன்றவற்றால் நடக்க இயலாத ஒருவருக்கு, நோய் லேசான நிலையில் இருப்பின், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டுதலோடு மின்தூண்டலைத் துணைச் சிகிச்சையாக முயன்று பார்க்கலாம். நடக்கக் கூடியவர் நடையை விட்டுவிட்டுக் கருவியின் முன் அமர்வது தமக்குத் தாமே செய்துகொள்ளும் கெடுதல்.

எவர் பயன்படுத்தக் கூடாது?

கீழ்க்கண்டவர்கள் மருத்துவரைக் கேளாமல் இக்கருவியைத் தொடவும் கூடாது:

- இதயத்தில் பேஸ்மேக்கர் அல்லது அதிர்வு தரும் கருவி பொருத்தப்பட்டவர்கள்.
- காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்துள்ளவர்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பவர்கள்.
- கருவுற்ற பெண்கள்.
- வலிப்பு நோய் உடையவர்கள்.
- பட்டை ஒட்டும் இடத்தில் புண், சீழ், தோல் நோய் அல்லது புற்றுநோய் உள்ளவர்கள்.
- நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள். சூடு தெரியாததால், தோல் வெந்துபோனாலும் இவர்கள் உணரமாட்டார்கள்.
- ஓய்விலும் கால் வலிப்பவர்கள், விரல் கறுத்தவர்கள், ஆறாத புண் உடையவர்கள்.

இறுதியாகக் கூறிய மூவகையினரைப் பற்றியே எங்களுக்குக் கவலை மிகுதி. கருவி வலியைச் சிறிது மரக்கச் செய்யும்போது, 'குணமாகி வருகிறது' என்ற எண்ணம் தோன்றும். உள்ளே தசை அழுகிக்கொண்டிருக்கும்.

நடையே முதல் மருந்து

வலி வருகிறது என்பதால் நடையைக் குறைப்பது இயல்பு. ஆனால் இந்நோயில் வலி வரும் வரை நடப்பதே சிகிச்சை. அதன் முறை வருமாறு.

சமதளமான சாலையில் இயல்பான வேகத்தில் நடங்கள். ஆடுசதையில் வலி தொடங்கி, சற்று மிகுந்து, நிற்கலாம் என்று தோன்றும் வரை செல்லுங்கள். பின்னர் நின்று, வலி முற்றிலும் தணியும் வரை ஓய்வெடுங்கள். மீண்டும் நடங்கள். இவ்வாறு ஓய்வையும் சேர்த்து 30 நிமிடங்களில் தொடங்கி, படிப்படியாக 45 நிமிடங்கள் வரை உயர்த்துங்கள். வாரத்திற்குக் குறைந்தது 3 நாள்கள். மொத்தம் 12 வாரங்கள். இடையில் மார்பு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள்.

வலியின்றிக் கடக்கும் தூரத்தைச் சாலையோர மின்கம்பங்களை எண்ணிக் குறித்து வையுங்கள். முதல் வாரத்தில் 4 கம்பங்கள் கடந்தவர் மூன்றாம் மாதத்தில் எத்தனை கடக்கிறார் என்பதே எங்களுக்கும் அவருக்கும் சான்று. எண்ணிக்கை கூடாமல் குறையுமானால் அடுத்த கட்டச் சிகிச்சையைப் பற்றி எண்ண வேண்டும்.

நம் பகுதியின் வெயிலைக் கருதி விடியற்காலையிலோ அந்தி சாய்ந்தபின்னரோ நடப்பது நல்லது. வெறுங்காலோடு நடத்தல் கூடாது. சீமைக்கருவேல முள் ஒன்று தைத்தாலும், இரத்த ஓட்டம் குறைந்த பாதத்தில் அப்புண் ஆறாமல் அழுகலில் முடியலாம். உப்பளத்தில் பணிபுரிவோர் வேலை முடிந்ததும் பாதங்களை நன்னீரில் கழுவி, விரலிடுக்குகளை உலர்த்தி, வெடிப்புகளைக் கவனிக்க வேண்டும்.

சூடான மணல் ஒத்தடம், கரிநெருப்பில் கால் காய்ச்சுதல், வெந்நீர்ப் பை ஆகிய எவையும் வேண்டாம். சூடு பட்ட தோலுக்கு மிகுதியான இரத்தம் தேவை. அதைத் தர இயலாத காலில் கொப்புளமே மிஞ்சும்.

புகையும் மருந்தும்

பீடி, சிகரெட், சுருட்டு எதுவாயினும் முற்றிலும் விடுவதற்கு இணையான மருந்து எங்களிடம் இல்லை. "குறைத்துவிட்டேன், நாளைக்கு இரண்டுதான்" என்பது போதாது. பெர்கர் நோயில் அந்த இரண்டே விரலை எடுக்கப் போதுமானது. முழுமையாக விட்டவர்களுள் பெரும்பாலோர் தம் கால்களைக் காத்துக்கொள்கின்றனர்.

தமனி நோயாளிகளுக்கு இரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல், கொழுப்பைக் கட்டுப்படுத்த ஸ்டாட்டின் ஆகியவற்றைத் தருகிறோம். இவை காலுக்காக மட்டுமல்ல. காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைப்பு வரும் வாய்ப்பு மிகுதி. நடைத்தூரத்தைக் கூட்டச் சிலோஸ்டசால் என்ற மாத்திரையும் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அதை உட்கொள்ளக் கூடாது. ஆகையால் ஒருவருக்கு எழுதிய மாத்திரையை மற்றொருவர் வாங்கி உண்பது ஆபத்தாகும்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக, நீரிழிவு மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. நடக்க இயலாத முதியவர்கள் இதைத் தவறாது பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மருந்தும் நடையும் போதாதபோது, பலூன் கொண்டு அடைப்பை விரித்தல், ஸ்டென்ட் பொருத்துதல், மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை ஆகியவை உள்ளன. தேவைப்படுவோரை மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற, இரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவுள்ள இடங்களுக்கு அனுப்புகிறோம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இரவில் படுத்தவுடன் பாதமும் விரல்களும் வலிப்பது, கட்டிலுக்குக் கீழே காலைத் தொங்கவிட்டால்தான் உறக்கம் வருவது, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், விரல் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது ஆகியவை நோய் முற்றியதன் அறிகுறிகள். ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

திடீரென ஒரு கால் கடுமையாக வலித்து, வெளிறி, குளிர்ந்து, மரத்து, விரலை அசைக்க இயலாது போனால் அது அவசர நிலை. தமனி முழுவதுமாக அடைபட்டிருக்கக் கூடும். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் இரத்த ஓட்டத்தை மீட்டால்தான் காலைக் காக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். தைலம் தேய்த்துப் பார்ப்போம், விடியட்டும் என்று இருந்துவிடாமல் 108ஐ அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் பிள்ளைகள், பெற்றோர் மீதுள்ள அன்பினால் இக்கருவிகளை வாங்கி அனுப்புகின்றனர். அந்த அன்பைக் குறைகூற நாங்கள் விரும்பவில்லை. அதைச் சரியான வழியில் செலுத்துங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம். கருவிக்கு முன் ஒரு டாப்ளர் சோதனை செய்வியுங்கள். நல்ல மெத்தென்ற காலணி வாங்கிக் கொடுங்கள். அருகில் இருப்பவர், அப்பா அம்மாவின் பாதங்களை நாள்தோறும் விளக்கொளியில் புரட்டிப் பாருங்கள். பார்வை மங்கியவர்கள் தம் உள்ளங்காலிலுள்ள புண்ணைத் தாமே காண இயலாது. மாலையில் அவர்களுடன் சேர்ந்து நடங்கள்.

ஏற்கெனவே கருவியை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அடுத்த முறை வரும்போது கருவியையும் அதன் குறிப்பேட்டையும் உடன் கொண்டுவாருங்கள். உங்கள் நாடித்துடிப்பைப் பார்த்து, அழுத்தத்தை அளந்து, அது உங்களுக்கு ஏற்றதா என்று கூறுவோம். ஏற்றதாயின், எங்கே ஒட்டுவது, எவ்வளவு நேரம், எந்த அளவில் என்பதை எங்கள் இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவார்.